விளக்கைச் சுற்றும் பன்னிரண்டு பேர்

கந்தப்பளைத் தேயிலைத் தோட்டத்தில் மாசிப் பனிக்குத் தப்புப் பறையின் தோல் ஈரம் வாங்கித் தொய்ந்துவிடும். சருகு மூட்டி, தோலை அனலில் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, ஓசை கணீரென்று வந்த பிறகுதான் காமன் கூத்துக்குக் கால் எழும்பும். காப்புக் கட்டி ஆடுகிறவருக்கு அது வேண்டுதல். ஆட்டமே வழிபாடு என்பதைத் தோட்டத்தில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அதே லயத்துக் கிறிஸ்தவ வீட்டில் ஜெபம் என்றால் முழங்காலில் நின்று, கண்ணை மூடி, அசையாமல் இருப்பதுதான். என்றாலும், காலால் செய்யும் ஜெபம் கிறிஸ்தவத்திலும் நெடுநாளாக உண்டு.

கேரளத்துத் தோமா கிறிஸ்தவர்களின் மார்க்கம்களியைப் பாருங்கள். நடுவில் நிலவிளக்கு, சுற்றிப் பன்னிரண்டு பேர். விளக்கு கிறிஸ்து, ஆடுகிறவர்கள் அப்போஸ்தலர். அரண்மனை கட்ட அரசன் கொடுத்த பணத்தை ஏழைகளுக்கு அள்ளிக்கொடுத்த தோமாவின் கதையைப் பாடிக்கொண்டே சுற்றுகிறார்கள். பாடுவதும் அவர்களே, ஆடுவதும் அவர்களே என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அடியின் முடிவில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்குகிறது. புதிதாகப் பழகும்போது ஒவ்வொரு எட்டையும் எண்ணி வைக்க வேண்டும். பழகப் பழக அந்த வேலையைச் சிறுமூளையும் மூளையின் ஆழத்துப் பகுதிகளும் ஏற்றுக்கொள்கின்றன. கால் தன்பாட்டில் போக, மனம் கதைக்குள் தங்குகிறது.

கூடி ஆடுவதற்கு இன்னொரு விளைவும் உண்டு. 2015இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரேசில் பள்ளி மாணவர்களை ஆடவிட்டு, இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் கட்டி, வலிக்கிறது என்று சொல்லும்வரை இறுக்கினார்கள். ஒரே அசைவை ஒரே நேரத்தில் செய்தவர்கள் கூடுதல் வலி தாங்கினார்கள். உட்கார்ந்தபடி கையை மட்டும் அசைத்த பிள்ளைகளிடமும் இது தெரிந்தது. மூளையில் சுரக்கும் எண்டோர்பின் இதற்குக் காரணமாகலாம் என்பது அவர்களின் கணிப்பு. எத்தியோப்பியக் கிறிஸ்தவக் கோயில்களில் தெப்தெராக்கள் எனப்படும் பாடகர்கள் ஜெபக்கோலை ஊன்றி, முரசின் தாளத்துக்கு அசைந்தசைந்து மணிக்கணக்காகப் பாடுவதை நினைத்தால், அந்தத் தெம்பு எங்கிருந்து வருகிறது என்று ஓரளவு விளங்குகிறது. அவர்கள் எதற்காக அங்கே நிற்கிறார்கள் என்பதைப் பட்டை அளக்காது.

ஆட்டத்தால் செய்யும் ஜெபத்தைப் பரதத்தில் தேடியவர் பிரான்சிஸ் பர்போசா. கத்தோலிக்கக் குருவாக இருந்துகொண்டே பரோடாவில் பரதம் பயின்றவர். சிவனுக்கும் திருமாலுக்கும் உரிய கை முத்திரைகளை அபிநய தர்ப்பணம் என்ற நடன நூல் வகுத்துவைத்திருக்கிறது. கிறிஸ்துவுக்கென்று அதில் முத்திரை இல்லை. பிதா, சுதன், பரிசுத்த ஆவி, சிலுவை, மரியாள் என ஒவ்வொன்றுக்கும் அவர் புதிதாக முத்திரை அமைத்தார். 1990இல் அவருடைய ஆய்வு நூலாகவும் வந்தது. ஒரு முத்திரையைப் பிடிக்கப் போகிற விரல்கள், தாங்கள் யாரைக் காட்டப்போகிறோம் என்று முதலில் யோசித்தாக வேண்டும்.