இலவசமாகக் கிடைத்த நிரலை யார் பேணுவது?

திறந்த மூல மென்பொருள் என்றதும் 'இலவசம்' என்னும் ஒரு சொல்லே நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருகின்றது. பணம் கொடுக்காமல் பெறலாம், எத்தனை கணினிகளிலும் நிறுவலாம், யாரும் கணக்குக் கேட்கமாட்டார்கள் என்ற அளவிலேயே அது பற்றிய நமது அறிவு நின்றுவிடுகின்றது. அந்த மென்பொருளை எழுதியவர் யார், அதன் பிழைகளை இன்று திருத்துபவர் யார், நாளை அவர் திருத்தாது விட்டால் என்ன நேரும் என்ற கேள்விகளை நாம் கேட்பதில்லை. இக்கேள்விகளைக் கேட்பதற்குக் கல்முனைக் கரையோர மக்களுக்குத் தனியான காரணம் ஒன்று உண்டு.

2004 டிசெம்பர் 26 ஆம் திகதி கடற்கோள் இலங்கையைத் தாக்கியபோது, மிக அதிகமான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறையே. இம்மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று தொடராக அமைந்த கரையோர ஊர்கள் சில நிமிடங்களில் உருக்குலைந்தன. உயிர் தப்பியோர் பாடசாலைகளிலும் பள்ளிவாசல்களிலும் கோயில்களிலும் தஞ்சமடைந்தனர். எந்த முகாமில் யார் இருக்கின்றனர், காணாமற்போனவர் எங்கேனும் உயிருடன் உள்ளாரா, எந்த ஊருக்கு எந்த நிறுவனம் உதவி கொண்டு செல்கின்றது என்பவற்றை ஒரே இடத்தில் பார்க்கும் வழி அன்று நாட்டில் இருக்கவில்லை.

அக்குறையைப் போக்கக் கொழும்பில் கணினித் துறைத் தொண்டர்கள் ஒன்றுகூடினர். 2003 இல் தொடங்கப்பட்டிருந்த லங்கா மென்பொருள் மன்றம் அவர்களுக்குத் துணைநின்றது. சில வாரங்களிலேயே 'சஹன' என்னும் மென்பொருள் உருவாகியது. நிவாரணம் என்பது இச்சிங்களச் சொல்லின் பொருள். காணாமற்போனோர் பதிவு, உதவி நிறுவனங்களின் பதிவு, முகாம்களின் பதிவு, தேவைகளின் பதிவு ஆகியன அதில் அமைந்திருந்தன.

இத்தனை விரைவில் இது எவ்வாறு இயன்றது? தொண்டர்களின் உழைப்பு ஒரு காரணம். மற்றொரு காரணம், அவர்கள் அடித்தளத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கவில்லை என்பதாகும். லினக்ஸ் இயங்குதளம், அப்பாச்சி இணைய வழங்கி, மைஎஸ்கியூஎல் தரவுத்தளம், பிஎச்பி நிரல்மொழி ஆகிய நான்கும் ஆயத்தமாக இருந்தன. நான்கும் திறந்த மூல மென்பொருள்கள். முன்பின் அறியாத பலர் பல ஆண்டுகளாக அவற்றைத் திருத்தியும் வளர்த்தும் வந்தமையாலேயே, துயர் நேர்ந்த வேளையில் யாரிடமும் அனுமதி கோராமல் அவற்றின்மீது கட்டியெழுப்ப முடிந்தது.

இவற்றுள் இணைய வழங்கியின் பணி என்ன என்பதைச் சற்று விளக்குவது பயன்தரும். நாம் உலாவியில் ஒரு முகவரியைத் தட்டும்போது, தொலைவிலுள்ள ஒரு கணினிக்கு வேண்டுகோள் ஒன்று செல்கின்றது. அதைப் பெற்று, கேட்கப்பட்ட பக்கம் எங்குள்ளது, கேட்பவர் அதைப் பார்க்க உரிமை உடையவரா என்று ஆராய்ந்து, உரியதை அனுப்பிவைக்கும் மென்பொருளே வழங்கி. பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளில் நாடெங்கிலுமிருந்து இலட்சக்கணக்கான வேண்டுகோள்கள் ஒரே வேளையில் வந்து குவிவதை எண்ணிப்பார்த்தால், இப்பணியின் சுமை விளங்கும்.

அப்பாச்சியின் பிறப்பே பேணுதலின் தேவையால் நேர்ந்தது. அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மீக்கணிப்பு நிலையத்தில் ரொப் மக்கூல் என்பவர் எழுதிய வழங்கியே இணையத்தின் தொடக்க ஆண்டுகளில் பரவலாகப் பயன்பட்டது. 1994 இல் அவர் அந்நிலையத்தை விட்டு விலகியதும் அதன் வளர்ச்சி தடைப்பட்டது. அதைப் பயன்படுத்தியோர் தத்தம் இடங்களில் தாமே பிழைகளைத் திருத்திக்கொண்டனர். கரைவலையின் கிழிசலை ஆங்காங்கே பொத்திக்கொள்வது போன்றதே இது. ஆனால் ஒருவர் பொத்தியது மற்றவருக்குத் தெரியாது. 1995 பெப்ரவரியில் அவர்களுள் எண்மர் ஒன்றிணைந்து, சிதறிக்கிடந்த திருத்தங்களைத் திரட்டத் தொடங்கினர். அவ்வாண்டு ஏப்ரலில் முதற் பதிப்பும் டிசெம்பரில் 1.0 பதிப்பும் வெளியாகின. 1999 இல் அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளை நிறுவப்பட்டது.

யாரும் எதையும் மாற்றலாம் என்பதே திறந்த மூலம் எனச் சிலர் எண்ணுகின்றனர். அது தவறு. மூலநிரலை யாரும் படிக்கலாம். தமது பிரதியை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பொதுப் பிரதியில் மாற்றம் செய்யும் உரிமை, தொடர்ந்து நல்ல திருத்தங்களை வழங்கி ஏனையோரின் நம்பிக்கையைப் பெற்றவர்களுக்கே அளிக்கப்படுகின்றது. பட்டமோ பதவியோ அங்கு கணக்கில் எடுக்கப்படுவதில்லை. பயன்பாட்டிலுள்ள நிலையான பதிப்பில் ஒரு மாற்றத்தைச் சேர்க்கக் குறைந்தது மூவரின் உடன்பாடு வேண்டும். தொழில்நுட்பக் காரணத்தை எடுத்துரைத்து ஒருவர் மறுத்தாலும் அம்மாற்றம் நின்றுவிடும்.

பேணுதல் என்பது பிழை திருத்தம் மட்டுமன்று. காலம் மாறும்போது நிரலும் மாறவேண்டியுள்ளது. அப்பாச்சியின் பழைய பதிப்புகளில் ஒவ்வோர் இணைப்பையும் கவனிக்கத் தனியொரு செயலாக்கம் ஒதுக்கப்பட்டது. பயனர் தொகை பெருகியபோது இம்முறை நினைவகத்தை விழுங்கியது. 2002 இல் வந்த 2.0 பதிப்பு, இணைப்புகளைக் கையாளும் பகுதியைத் தேவைக்கேற்ப மாற்றத்தக்கதாக அமைத்தது. 2004 இல் ரஷ்யரான இகோர் சிசோயெவ் வெளியிட்ட என்ஜின்எக்ஸ், குறைந்த வளத்தில் மிகுந்த இணைப்புகளைத் தாங்கிக்காட்டியது. 2012 இல் வெளியான அப்பாச்சி 2.4, இந்நோக்கில் மேலும் முன்னேறியது. ஒரு காலத்தில் உலக இணையத்தளங்களில் பெரும்பான்மையைத் தாங்கிய அப்பாச்சியை இன்று என்ஜின்எக்ஸ் போன்றவை முந்தியுள்ளன. எனினும் அது இன்றும் எண்ணற்ற தளங்களைத் தாங்கி நிற்கின்றது.

மேம்படுத்தும் முயற்சியே புதிய ஆபத்தைக் கொண்டுவருவதும் உண்டு. 2021 செப்டெம்பரில் வெளியான 2.4.49 பதிப்பில், கோப்புகளின் பாதையைச் சீர்செய்யும் பகுதி மாற்றியமைக்கப்பட்டது. அம்மாற்றத்தில் ஒரு துளை ஏற்பட்டது. சில அமைப்புகள் உரியபடி செய்யப்படாத வழங்கிகளில், தந்திரமாக எழுதப்பட்ட முகவரி ஒன்றைக் கொண்டு வெளியார் பார்க்கக்கூடாத கோப்புகளைப் பார்க்க முடிந்தது. ஒக்டோபர் 4 ஆம் திகதி 2.4.50 பதிப்பு வந்தது. அத்திருத்தமும் முழுமையற்றது எனத் தெரிந்ததும் 7 ஆம் திகதி 2.4.51 வெளியிடப்பட்டது. மூன்று நாட்களில் மீண்டும் ஒரு திருத்தத்தைத் தந்தமை பேணுவோரின் விழிப்பைக் காட்டுகின்றது. ஆனால் திருத்தம் வெளியாவதால் மட்டும் ஒரு வழங்கி பாதுகாப்புப் பெற்றுவிடாது. அவ்வழங்கிக்குப் பொறுப்பானவர் அதை நிறுவியாக வேண்டும். தளத்தை அமைத்தவர் வேறு தொழிலுக்குச் சென்றுவிட, ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாமல் இயங்கும் வழங்கிகளுக்கு எந்தத் திருத்தமும் சென்று சேர்வதில்லை.

பேணுவோரே இல்லாதபோதோ, ஒருவரே தனித்து நிற்கும்போதோ நேர்வது இதனினும் பாரதூரமானது. 2014 ஏப்ரலில் 'ஹார்ட்பிளீட்' என்னும் குறைபாடு ஓபன்எஸ்எஸ்எல் நிரலில் வெளிப்பட்டது. வழங்கிக்கும் பயனருக்கும் இடையிலான செய்திகளை மறைகுறியாக்கும் நிரல் அது. இரண்டாண்டுகளாக அக்குறைபாடு எவர் கண்ணிலும் படவில்லை. உலக வங்கிகளும் வணிகத் தளங்களும் நம்பியிருந்த அந்நிரலை விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே மிகச் சொற்ப நன்கொடையில் பேணிவந்தனர் என்பது அதன் பின்னரே உலகுக்குத் தெரிந்தது. 2024 மார்ச்சில் மற்றொரு நிகழ்வு. லினக்ஸ் வழங்கிகளில் பரவலாக இடம்பெறும் எக்ஸ்இசட் என்னும் கோப்புச் சுருக்கு நிரலைத் தனியொருவர் களைப்புடன் பேணிவந்தார். உதவுவதாக வந்த ஒருவர் ஈராண்டுகளுக்கு மேலாக நல்லவராக நடந்து பொறுப்பைப் பெற்று, இரகசியக் கதவொன்றை அதனுள் நுழைத்திருந்தார். அந்திரேஸ் பிராயிண்ட் என்னும் பொறியியலாளர், உள்நுழைவு வழமையைவிட அரை விநாடி தாமதிப்பதை ஐயுற்று ஆராய்ந்தமையால் மட்டுமே பேரிடர் தவிர்க்கப்பட்டது. நிரல் எல்லோருக்கும் திறந்திருப்பது மட்டும் காவலாகிவிடாது. அதை உண்மையாகப் படிப்பவர்கள் இருக்கவேண்டும்.

சஹனவும் இதே பாடத்தைக் கற்றது. அவசரத்தில் எழுதிய நிரல் அவ்வேளைக்கு உதவியதே தவிர, வேறு நாட்டில் வேறோர் அனர்த்தத்துக்கு அப்படியே பொருந்தவில்லை. எனவே சுவீடன் அரசின் அபிவிருத்தி முகவரகத்தின் உதவியுடன் அது மீள எழுதப்பட்டது. 2005 இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் 2006 இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவின்போதும் 2010 இல் ஹெயிட்டி நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது. சமூகப் பயனுக்காகக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வழங்கும் விருதையும் 2006 ஆம் ஆண்டுக்குப் பெற்றது. அத்துடனும் பணி முடியவில்லை. 2009 இல் தனி அறக்கட்டளை ஒன்று அமைக்கப்பட்டது. பின்னர் பைதன் மொழியில் மீண்டும் புதிதாக எழுதப்பட்டது.

இலங்கையர் இத்துறையில் பயனர்களாக மட்டும் இருந்துவிடவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. இணையச் சேவைகளுக்கான அப்பாச்சி அக்சிஸ்2 நிரலின் உருவாக்கத்தில் இலங்கைப் பொறியியலாளர்கள் முதன்மைப் பங்காற்றினர். கூகுள் நிறுவனம் 2005 இல் தொடங்கிய திறந்த மூலக் கோடைகால நிரலாக்கத் திட்டத்தின் முதற் பத்தாண்டுகளில், உலகப் பல்கலைக்கழகங்கள் அனைத்திலும் அதிக மாணவர்களை அனுப்பிய பெருமை மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துக்கே உரியது. மொறட்டுவைக்கு இயன்றது ஒலுவிலுக்கு இயலாததன்று. அப்பாச்சி பிறந்த அதே 1995 இல் தோன்றிய தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இக்கரையோரத்திலேயே இருக்கின்றது.

பெருநிறுவனங்கள் இலாபமீட்டும் மென்பொருளுக்குக் கல்முனை இளைஞன் ஏன் கூலியின்றி உழைக்கவேண்டும் எனச் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பெரும் இலாபம் பெறுவோர் பெரும் பொறுப்பை ஏற்கவேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. எனினும் 2022 இல் நாடு அந்நியச் செலாவணியின்றித் தவித்தபோது, உரிமக் கட்டணத்தை டொலரில் கேட்காத மென்பொருளின் அருமை தெளிவாகத் தெரிந்தது. நாம் சார்ந்திருக்கும் ஒன்றைத் திருத்தும் திறன் நம்மிடம் இல்லையெனில், அது இலவசமாயினும் நாம் பிறர் தயவிலேயே இருக்கின்றோம். மேலும், உலகம் படித்துப் பார்க்கும் நிரலில் திருத்தம் செய்து அனுபவம் பெற்ற இளைஞனுக்கு வேறு சான்றிதழ் தேவைப்படுவதில்லை.

பிறர் நமக்காகச் செய்ய முடியாத திருத்தங்களும் உள்ளன. 'முஹம்மது' என்ற ஒரு பெயரை நமது பிரதேச மக்கள் ஆங்கிலத்தில் எத்தனை வகையாக எழுதுகின்றனர்! முதலெழுத்துகளை ஒருவர் முன்னே எழுதுகின்றார். மற்றவர் விரித்து எழுதுகின்றார். முகாமொன்றில் ஒருவகையாகப் பதியப்பட்ட பிள்ளையின் பெயரைத் தந்தை வேறுவகையாகத் தேடினால், பிள்ளை பக்கத்து ஊரிலேயே இருந்தும் பட்டியலில் கிடைக்காது. தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் எழுதப்பட்ட பெயர்களை ஒலியால் பொருத்திப் பார்க்கும் நிரலை, இப்பெயர்களோடு வாழ்பவர்களே செம்மையாக எழுத முடியும். அப்பாச்சி வழங்கியின் கையேடு பிரெஞ்சு, ஜப்பானியம், கொரியம், துருக்கியம் முதலிய மொழிகளில் கிடைக்கின்றது. தமிழ் அவ்வரிசையில் இல்லை.

தொடங்குவது கடினமன்று. மென்பொருளைப் பயன்படுத்தும்போது காணும் பிழையை, எந்தப் பதிப்பில், எந்தப் படிகளில் நிகழ்ந்தது என்று தெளிவாக எழுதி அறிவிப்பதே முதற்பணி. பாதுகாப்புத் தொடர்பான குறைபாடாயின் அதைப் பகிரங்கப்படுத்தாமல், அதற்கெனவுள்ள குழுவுக்கு இரகசியமாக அறிவித்தல் மரபு. புதிய பதிப்பைச் சோதித்தல், கையேட்டை மொழிபெயர்த்தல், பிறர் அனுப்பிய திருத்தத்தைப் படித்துக் கருத்துரைத்தல் என்பனவும் பேணுதலே. ஆசிரியர்கள் இவற்றை மாணவரின் இறுதியாண்டுச் செயற்றிட்டங்களாக ஏற்கலாம். உள்ளூராட்சி மன்றங்களும் பாடசாலைகளும் பொது நிறுவனங்களும் இணையத்தளம் அமைக்க ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் பேணுவதற்கென ஒதுக்குவதுடன், திருத்தங்களை நிறுவும் பொறுப்பைப் பெயர் குறித்து ஒருவரிடம் ஒப்படைக்கவும் வேண்டும்.

அனர்த்தங்கள் ஓய்ந்துவிடவில்லை. 2024 நவம்பர் வெள்ளத்தில் மாவடிப்பள்ளி வீதியில் மத்ரசா மாணவர்கள் உழவு இயந்திரத்தோடு அள்ளுண்டு மாண்ட துயரம் இப்பிரதேசத்தின் நெஞ்சை விட்டு அகலவில்லை. அடுத்த இடர் வரும் நாளில் பெயர்களைப் பதியவும் தேடவும் ஒரு வழங்கி இயங்கவேண்டும். அது அன்று இயங்குமா என்பது, இடரற்ற நாட்களில் அதன் நிரலை யாரேனும் படித்துத் திருத்தி வந்தனரா என்பதிலேயே தங்கியுள்ளது. 2004 இல் அப்பணியை நமக்காகப் பிறர் செய்து வைத்திருந்தனர். அதில் ஒரு பங்கை இனி நாமும் ஏற்பதே முறையாகும்.