படத்தின் கீழே ஒரு வரி

பெரிய காஞ்சிபுரத்திலுள்ள வைகுண்டப் பெருமாள் கோயிலைக் கட்டியவன் எட்டாம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் நந்திவர்ம பல்லவன். கோயிலைச் சுற்றிவரும் சிங்கத்தூண் மண்டபத்தின் சுவரைப் பாருங்கள். பல்லவர் வரலாறு இரண்டு வரிசைச் சிற்பங்களாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. வரிசைகளுக்கு நடுவே, எழுதுவதற்கென்றே ஒரு பட்டை விட்டிருக்கிறார்கள்.

நந்திவர்மன் 12 வயதில் அரசேற்ற கதை வரும் இடத்தில் அந்தப் பட்டையில் தமிழில் விளக்கம் வெட்டப்பட்டுள்ளது. ஆகவே அங்கே நடப்பது என்ன என்று நமக்குத் தெரிகிறது. வேறு பல சிற்பங்களுக்குப் பட்டை வெறுமையாகவே கிடக்கிறது. முடி சூட்டிக்கொள்ளும் இந்த அரசர் யார்? செப்பேடுகளோடு ஒப்பிட்டு ஊகிக்க வேண்டியதாயிற்று. அவ்வாறு உழைத்தவர் வரலாற்று அறிஞர் சி. மீனாட்சி, அவருடைய நூல் 1941-இல் வெளிவந்தது.

உங்கள் பள்ளிக்கு ஓர் இணையப் பக்கம் அமைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்துப் படங்களை மேலே அடுக்கிவிட்டு விளக்கங்களை அடியில் எழுதினால், படிப்பவர் மேலும் கீழும் அலைய வேண்டும். பல்லவச் சிற்பி செய்ததுபோல் படத்தை ஒட்டியே எழுதுங்கள். பார்வையற்றவர்களுக்குக் கணினி பக்கத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறது. படத்தோடு விளக்கம் இணைக்கப்படாவிட்டால் அதில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. மீண்டும் வெறும் பட்டைதான்!

அடுத்து, கண்ணின் வேலை. படிக்கும்போது கண் வரிமேல் வழுக்கிச் செல்வதில்லை. தாவித் தாவிச் செல்கிறது. ஒவ்வொரு தாவலுக்குப் பின்னும் ஏறத்தாழ கால் விநாடி நின்று எழுத்தைப் பிடிக்கிறது. வரி முடிந்ததும் இடப்பக்கம் திரும்ப வேண்டும். கணினித் திரை முழுவதும் வரி நீண்டிருந்தால் திரும்பும் கண் வேறு வரியில் இறங்கிவிடும். செய்தித்தாளில் பத்தி குறுகலாக இருப்பது இதற்கும் உதவுகிறது.

தமிழுக்கு வரி இடைவெளி தாராளமாகவே வேண்டும். ‘மீ’யில் சுழி மேலே ஏறுகிறது, ‘பு’வில் கால் கீழே இறங்குகிறது. நெருக்கி அச்சிட்டால் இரண்டும் முட்டிக்கொள்ளும். எழுத்தின் அளவைப்போல் ஒன்றரை மடங்கு என்று தொடங்கிப் பாருங்கள். வெள்ளையில் வெளிர்ச்சாம்பல் எழுத்து திரையில் அழகாகத் தோன்றலாம். வெயிலில் கைப்பேசியைப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி விகிதம் குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்பது உலகளாவிய இணைய வழிகாட்டுதல்.

பக்கம் தயாரானதும் வேறு வகுப்புத் தோழர் ஒருவரிடம் கொடுங்கள். “தேர்வு எந்தத் தேதியில்?” என்று மட்டும் கேளுங்கள். நீங்கள் வாய் திறக்காமல், அவர் விரல் எங்கே தயங்குகிறது என்று கவனியுங்கள். திருத்த வேண்டிய இடம் அதுதான்.