மின்நூல்: வாங்குகிறோமா, வாடகைக்கு எடுக்கிறோமா?

புத்தகப் பிரியர்கள் இலேசில் பழக்கத்தை மாற்றிக் கொள்பவர்கள் அல்லர். புதுத் தாளின் வாசனை, ஓரத்தில் பென்சிலால் கோடிட்டுக் குறிப்பெழுதும் சுகம், அலுமாரியில் அடுக்கி வைத்துப் பார்க்கும் பெருமை என்று எத்தனையோ காரணங்களைக் கூறுவார்கள். ஆனாலும் இலத்திரனியல் வாசிப்புக் கருவி என்ற புதுச் சரக்கைக் காசு கொடுத்து வாங்கி, அந்த வியாபாரத்தைத் தூக்கி நிறுத்தியவர்களும் பெரும்பாலும் இவர்களேதான். கையில் எப்போதும் ஒரு புத்தகத்தோடு திரிபவருக்கே, நூறு புத்தகங்களை ஒன்றாகச் சுமக்கும் கருவியின் அருமை தெரியும். இந்தப் பிரியத்தை ஒரு வர்த்தக நிறுவனம் எவ்வாறு பணமாக்கியது, அதற்குப் பகரமாக வாசகன் எதைக் கைவிட்டான் என்பதே இவ்வாரம் நாம் பார்க்கவிருக்கும் விடயமாகும்.

முதல் முயற்சிகள் படுதோல்வி கண்டன. 1998ஆம் ஆண்டு அமெரிக்காவில் 'ரொக்கெட் ஈபுக்', 'சொப்ட்புக்' என்ற இரு கருவிகள் சந்தைக்கு வந்தன. விலையோ அதிகம், வாங்கக்கூடிய நூல்களோ மிகக் குறைவு. கணினித் திரையை ஒத்த அதன் ஒளியைத் தொடர்ந்து பார்த்தால் கண் வலித்தது. அந்நாட்டின் மிகப்பெரிய புத்தகக் கடை நிறுவனமான பார்ன்ஸ் அன்ட் நோபல், 2003இல் மின்நூல் விற்பனையையே கைவிட்டது. கையைச் சுட்டுக் கொண்ட பின்னர் யார்தான் மீண்டும் அடுப்பருகே போவார்?

நிலைமையை மாற்றியது மின்மை எனும் கண்டுபிடிப்பாகும். அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியின் ஆய்வுகூடத்திலிருந்து 1997இல் பிறந்த 'ஈ இங்க்' நிறுவனம், தலைமுடியின் தடிப்பளவே விட்டமுள்ள நுண்ணிய குமிழ்களால் ஆன திரையை உருவாக்கியது. ஒவ்வொரு குமிழிலும் கறுப்புத் துகள்களும் வெள்ளைத் துகள்களும் மிதக்கும். மின்புலத்தை மாற்றும்போது ஒரு நிறம் மேலே வரும், மற்றையது கீழே போகும். இப்படி எழுத்து உருவானதும் அது அப்படியே நிற்கும். பக்கத்தைப் புரட்டும்போது மட்டுமே மின்சாரம் செலவாவதால் ஒருமுறை ஏற்றிய பெட்டரி வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். திரை தானாக ஒளிவிடாது, காகிதத்தைப் போலவே வெளிச்சத்தைத் தெறிக்கச் செய்யும். எனவே நண்பகல் வெயிலில் மரத்தடியிலும் வாசிக்கலாம்.

இத்திரையுடன் முதலில் சந்தைக்கு வந்தது சோனியின் 'லிப்ரியே' கருவியாகும். 2004இல் ஜப்பானில் வெளியான அதில் வாசிக்கப்பட்ட நூல்கள் 60 நாட்களின் பின்னர் காலாவதியாகிவிடும். அதாவது வாசகன் வாங்கவில்லை, வாடகைக்கே எடுத்தான். சோனி அதை ஒளித்து மறைக்காமல் செய்தது என்றாவது நாம் பாராட்டலாம். ஜப்பானியர்களோ அதைப் பெரிதாக விரும்பவில்லை.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2007 நவம்பர் 19ஆம் திகதி அமேசன் நிறுவனம் 'கிண்டில்' கருவியை 399 டொலருக்கு வெளியிட்டது. ஐந்தரை மணித்தியாலத்தில் கையிருப்பு முழுவதும் தீர்ந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் வரை சரக்கு இல்லை. பார்வைக்கு அது ஒன்றும் அழகான பொருளல்ல. சோனியிடம் இல்லாத இரண்டு சங்கதிகள் அதனிடம் இருந்தன. முதலாவது, தொடக்க நாளிலேயே சுமார் 90,000 நூல்கள் விற்பனைக்கு இருந்தமை. இரண்டாவது, கணினியோ கம்பியோ இன்றிக் கைத்தொலைபேசி வலையமைப்பினூடாக ஒரு நிமிடத்துக்குள் நூல் கருவிக்கு வந்து சேர்ந்தமை. அந்தத் தொலைபேசிச் செலவையும் அமேசனே ஏற்றுக் கொண்டது. இரவு பத்து மணிக்கு ஒரு நூலைப் பற்றிக் கேள்விப்பட்டால், பத்து மணி ஒரு நிமிடத்துக்கு அதன் முதற் பக்கத்தை வாசிக்கலாம். புத்தகப் பிரியனின் பலவீனம் எதுவென்று அறிந்து வைத்திருந்த வியாபாரி இவர்!

விலை மளமளவென்று இறங்கியது. 2010இல் 139 டொலர், 2011இல் விளம்பரங்களுடன் கூடிய கருவி வெறும் 79 டொலர். கருவியை உற்பத்திச் செலவுக்கே விற்கிறோம், அதில் இலாபம் வைப்பதில்லை என்று அமேசன் அதிபர் ஜெப் பெசோஸ் 2012இல் பிபிசிக்கு வெளிப்படையாகவே கூறினார். பிரின்டரை மலிவாக விற்றுவிட்டு மைக்குத் தீட்டும் கணக்கை நம்மவர்கள் நன்கு அறிவார்கள். இங்கே மையின் இடத்தில் இருப்பது புத்தகம்.

ஆனால் ஆரம்பத்தில் அமேசன் மையையும் நட்டத்துக்கே விற்றது என்பதுதான் வேடிக்கை. பிரபலமான புதிய நூல்களைப் பதிப்பகத்திடம் அதைவிடக் கூடிய மொத்த விலைக்கு வாங்கி, 9.99 டொலருக்கு விற்றது. பதிப்பாளர்களுக்கு இதில் உடனடி நட்டமில்லை, அவர்களுக்குரிய பணம் கிடைத்தது. அவர்களது அச்சம் வேறு. புத்தகம் என்றாலே பத்து டொலர்தான் என்று வாசகன் பழகிவிட்டால், நாளை மொத்த விலையைக் குறை என்று அமேசன் கழுத்தைப் பிடிக்கும் அல்லவா?

2010இல் அப்பிள் நிறுவனம் 'ஐபாட்' கருவியுடன் வந்து அவர்களுக்கு ஒரு வழி காட்டியது. விலையை நீங்களே நிர்ணயியுங்கள், எமக்கு நூற்றுக்கு 30 வீதம் கொமிஷன் தந்தால் போதும் என்றது. பெரிய பதிப்பகங்கள் ஐந்து உடன்பட்டன. மக்மிலன் பதிப்பகம் இதே நிபந்தனையை அமேசனிடம் வைத்தபோது, அப்பதிப்பகத்தின் நூல்களை வாங்கும் வசதியையே சில நாட்களுக்கு அமேசன் நீக்கிவிட்டது. பின்னர் இறங்கி வந்தது. 9.99 டொலர் நூல்கள் 12.99, 14.99 என்று ஏறின. விலையை உயர்த்தக் கூட்டுச் சேர்ந்தார்கள் என்று 2012 ஏப்ரலில் அமெரிக்க நீதித் திணைக்களம் வழக்குத் தொடர்ந்தது. பதிப்பகங்கள் ஒவ்வொன்றாகச் சமரசத்துக்கு வந்தன. அப்பிள் மட்டும் போராடித் தோற்றது. 2016இல் உயர்நீதிமன்றம் அதன் மேன்முறையீட்டை ஏற்க மறுத்ததும், 450 மில்லியன் டொலர் செலுத்த வேண்டியதாயிற்று. அதில் 400 மில்லியன் மின்நூல் வாங்கிய வாசகர்களுக்கே திரும்பச் சென்றது.

இத்தனை சண்டைக்கு இடையிலும் வாசகர்கள் அணி அணியாக வந்து சேர்ந்தார்கள். 2011 மே மாதம், 100 அச்சு நூல்களுக்கு 105 கிண்டில் நூல்கள் என்ற வீதத்தில் விற்கிறோம் என அமேசன் அறிவித்தது. அதே ஆண்டு போர்டர்ஸ் என்ற மாபெரும் புத்தகக் கடை நிறுவனம் வங்குரோத்தாகி, எஞ்சியிருந்த சுமார் 400 கடைகளையும் மூடியது. அதற்கு மின்நூல் மட்டுமே காரணமல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். கடன் சுமையும், இணைய விற்பனையைப் பல வருடங்கள் அமேசனிடமே ஒப்படைத்திருந்த முட்டாள்தனமும் அதைச் சாய்த்தன.

இக்கருவியால் விளைந்த நன்மைகளை மறுப்பது நியாயமாகாது. பார்வை மங்கிய முதியவர் எந்த நூலையும் தனக்கேற்ற பெரிய எழுத்தில் வாசிக்கலாம். அச்சில் பெரிய எழுத்துப் பதிப்பாக வருபவை எத்தனை நூல்கள்? வளைகுடாவுக்குத் தொழிலுக்குப் போகிறவர் பெட்டியின் நிறையை எண்ணிப் புத்தகங்களை விட்டுச் செல்ல வேண்டியதில்லை. 2016 டிசம்பரில் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகள் ஐந்தில் கிண்டில் நூல்கள் வெளிவரத் தொடங்கிய பின்னர், பதிப்பாளர் வாசலில் காத்திராமல் தமிழ் எழுத்தாளர்கள் தாமே நூல்களை வெளியிடுகிறார்கள்.

இனி மறுபக்கம். 2009 ஜூலையில் அமெரிக்காவில் ஜோர்ஜ் ஓர்வெலின் இரு நூல்களைக் காசு கொடுத்து வாங்கியிருந்தவர்கள், ஒரு நாள் கருவியைத் திறந்தபோது அவற்றைக் காணவில்லை. விற்ற நிறுவனத்துக்கு உரிமை இல்லாத பிரதிகள் என்று தெரியவந்ததும், அமேசன் வாசகர்களின் கருவிகளுக்குள் புகுந்து அவற்றை அழித்துவிட்டுப் பணத்தைத் திருப்பி அனுப்பியிருந்தது. அவற்றுள் ஒன்று '1984', ஆட்சியாளருக்கு ஒவ்வாத எழுத்துகள் அழிக்கப்படும் கதை! பாடசாலைப் பாடத்துக்காக அந்நூலில் குறிப்புகள் எழுதி வைத்திருந்த மாணவர் ஒருவருக்கு அக்குறிப்புகளும் பயனற்றுப் போயின. வழக்கு 150,000 டொலருக்குச் சமரசமானது. பெசோஸ் இதை முட்டாள்தனம் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்.

அது தவறு என்று வைத்துக் கொள்வோம். 2019இல் மைக்ரோசொப்ட் தனது மின்நூல் கடையை மூடியபோது நடந்தது தவறல்ல, ஒப்பந்தப்படி நடந்தது. வாங்கிய நூல்கள் யாவும் வாசகர்களிடமிருந்து மறைந்தன. பணம் முழுவதும் திருப்பிக் கொடுக்கப்பட்டது, குறிப்பெழுதி வைத்தவர்களுக்கு மேலதிகமாக 25 டொலர். கடைக்காரர் கடையை மூடும்போது எமது வீட்டு அலுமாரியையும் காலி செய்து கொண்டு போவதை யாராவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? கிண்டில் நூலைக் கணினிக்கு இறக்கிச் சேமித்து வைக்கும் வசதியையும் 2025 பெப்ரவரி 26 முதல் அமேசன் நீக்கிவிட்டது.

காரணம் எளிது. 'வாங்கு' என்ற பொத்தானை அழுத்தினாலும் எமக்குக் கிடைப்பது நூலல்ல, அதை வாசிப்பதற்கான அனுமதி மாத்திரமே. இந்த உண்மையை நுகர்வோருக்குத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற சொல்லைப் பாவிக்கக் கூடாது என்ற சட்டம் 2025 ஜனவரி முதலாம் திகதி கலிபோர்னியா மாநிலத்தில் அமுலுக்கு வந்தது. அதன் பின்னர் நீங்கள் பெறுவது அனுமதியே என்ற வாசகத்தை அமேசன் தனது அமெரிக்கத் தளத்தில் இட்டது. ஐரோப்பாவில், பாவித்த மின்நூலை உரிமையாளரின் அனுமதியின்றி மறுவிற்பனை செய்ய முடியாதென 2019 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மருதானைப் பழைய புத்தகக் கடைகளில் வாங்கி, வாசித்து, அங்கேயே விற்று அடுத்ததை வாங்கிப் படித்து ஆளான ஒரு தலைமுறை நம்மிடம் உண்டு. மின்நூலுக்கு அப்படி ஒரு கடை கிடையாது.

இஸ்லாமிய வணிகச் சட்டத்தை ஓரளவு அறிந்தவர்களுக்கு இது புதிய கேள்வியல்ல. 'பைஉ' எனும் விற்பனையில் பொருளின் உடைமை வாங்குபவருக்குக் கைமாற வேண்டும். அதன் பின்னர் அதை விற்கவும், அன்பளிப்புச் செய்யவும், வக்பு செய்யவும் அவருக்கு உரிமையுண்டு. அவர் மௌத்தானால் அது வாரிசுகளுக்குச் சேரும். 'இஜாரா'வில் உடைமை உரியவரிடமே இருக்க, பயன்பாடு மட்டும் கைமாறும். ஆனால் அங்கே காலமும் கட்டணமும் தெளிவாக இருக்க வேண்டும். மின்நூலோ விற்பனை என்ற பெயரில், விற்பனையின் விலையில், காலம் குறிக்கப்படாத ஒரு வாடகையாக நிற்கிறது. இதற்கு மார்க்கத் தீர்ப்புச் சொல்வது இப்பத்தியின் வேலையல்ல, அதை உலமாக்களிடம் விடுகிறேன். வியாபாரக் கண்ணோடு பார்த்தாலும் ஒன்று விளங்கும். வாப்பா சேர்த்த கிதாபுகளைப் பிள்ளைகள் மத்ரஸாவுக்கோ பள்ளிவாசல் நூலகத்துக்கோ கொடுப்பது எமது ஊர்களில் வழமை. ஆயிரம் மின்நூல்களைச் சேர்த்த ஒருவரது கணக்கு, ஒப்பந்தப்படி, அவரோடு முடிந்துவிடும்.

எல்லா மின்நூலும் இப்படித்தான் என்று எண்ணிவிடக் கூடாது. பூட்டுப் போடாமல் நூல்களை விற்கும் பதிப்பகங்களும் உள்ளன. அறிவியற் புனைகதைகளுக்குப் பேர்போன டோர் பதிப்பகம் 2012 முதல் அவ்வாறே விற்கிறது. அதன் வியாபாரம் அதனால் படுத்துவிடவில்லை. அரபுக் கிதாபுகளை ஆயிரக்கணக்கில் கொண்ட 'அல்மக்தபா அஷ்ஷாமிலா' மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. எமது நாட்டின் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிமப்படுத்தி 2005 முதல் இலவசமாக வழங்கிவரும் நூலகம் திட்டமும் அத்தகையதே. இவற்றிலிருந்து இறக்கிய கோப்பை எவரும் தூரத்திலிருந்து அழிக்க முடியாது, பிள்ளைக்கும் பிரதி எடுத்துக் கொடுக்கலாம்.

இது எமது பதிப்பாளர்களுக்கும் சம்பந்தமுள்ள கணக்கு. 2022ஆம் ஆண்டு தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதமளவில் 360 ரூபாவாயிற்று. மார்ச் மாதம் காகிதத் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. 'தி ஐலண்ட்', 'திவயின' பத்திரிகைகள் சனிக்கிழமை அச்சுப் பதிப்பை இடைநிறுத்தின. அத்தகைய நாட்கள் மீண்டும் வராதென்று எவரும் உத்தரவாதம் தர முடியாது. 500 பிரதி அச்சிட்டு, வெளியீட்டு விழாவில் 150ஐ விற்று, மீதியைக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கும் நமது எழுத்தாளர், அதே நூலைப் பூட்டில்லாத மின்நூலாக ரூபாவில் விற்றால் காகிதச் செலவுமில்லை, தபால் செலவுமில்லை. களவாகப் பிரதி எடுப்பார்களே என்பது உடனே எழும் ஆட்சேபம். எடுக்கத்தான் செய்வார்கள். அச்சு நூலையும் போட்டோக் கொப்பி எடுத்துத்தானே படிக்கிறார்கள்! கட்டிலுக்கடியில் கிடக்கும் 350 பிரதிகளைக் கறையான் தின்பதால் வரும் நட்டத்தோடு அந்த நட்டத்தை ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.