குளிர்ந்த தேநீர் எங்கே கிடைக்கும்?

கத்தரி வெயிலில் திருச்சி மாநகரத்து வீதிகளில் நண்பகல் வேளையில் நடப்பது எத்தகையது என்பதை நம் வாசகர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. வெப்பம் 40 பாகையைத் தாண்டும் அந்நாட்களிலும் மெயின்கார்டு கேட்டிலும் பாலக்கரையிலும் தேநீர்க் கடைகளில் கொதிக்கக் கொதிக்கத் தேநீர் ஆற்றப்படுகின்றது. மக்களும் நின்று வாங்கிக் குடிக்கின்றனர். இதைக் கண்டு உள்ளூரார் எவரும் வியப்பதில்லை. வியப்பவர்கள், சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் விமானமேறித் தாத்தா பாட்டியைக் காண வரும் நம் பேரக் குழந்தைகள். சிங்கப்பூரில் பள்ளிகளுக்கு நடுவாண்டு விடுமுறை சூன் மாதத்தில்தான். இங்கே பள்ளிகள் திறந்து, வெயில் மட்டும் இன்னும் தணியாதிருக்கும் அக்காலத்தில் அவர்கள் வந்து இறங்குகின்றனர். இறங்கிய இரண்டாம் நாளே, "இங்கே ஐஸ் போட்ட டீ கிடைக்காதா?" என்று கேட்கின்றனர்.

கேள்வி சிறியதுதான். ஆயினும் பல வீடுகளில் விடுமுறையின் முதல் மனத்தாங்கலே இதிலிருந்து தொடங்குவதை நாம் கண்டிருக்கிறோம். ஆகவே இதைச் சற்று விரிவாக எழுதுவது பயனுடைத்து என எண்ணுகிறோம்.

அக்குழந்தைகள் கேட்பது மலேசியாவில் 'தே ஐஸ்' என்றும், சிங்கப்பூரில் 'தே பெங்' என்றும் வழங்கப்படும் பானம். பெங் என்பது ஹொக்கியன் சீன மொழியில் பனிக்கட்டி. இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. எல்லையைக் கடந்ததும் பெயர் மாறிவிடுகின்றது. அங்கே இதனை விற்போர் பலரும் நம்மவர் என்பதுதான் சுவையான செய்தி. தமிழ்நாட்டுக் கடற்கரை மாவட்டங்களிலிருந்து கப்பலேறிச் சென்ற தமிழ் முஸ்லிம் பெருமக்கள் நடத்திய உணவுக் கடைகளுக்கு 'மாமாக்' கடை என்றே பெயர். நம்முடைய 'மாமா' என்னும் உறவுச் சொல்லே அங்குச் சென்று அவ்வாறு ஆயிற்று. நம் ஊர்த் தேநீர் மாஸ்டர் இரு குவளைகளுக்கிடையே ஒரு முழ நீளத்திற்குத் தேநீரை ஆற்றுகிறாரே, அதே கைவண்ணம் அங்கே 'தே தாரிக்', அதாவது 'இழுத்த தேநீர்' என்று புகழ் பெற்று விளங்குகின்றது.

அப்படியாயின் அங்கே கிடைப்பது இங்கே ஏன் கிடைப்பதில்லை? காரணம் பாலில் இருக்கின்றது. மலாயாவில் பசும்பால் அரிதாயிருந்த காலத்தில் தகரக் குப்பிகளில் வந்த, சர்க்கரை கலந்து சுண்டிய பாலைக் கொண்டே தேநீர் கலந்தார்கள். அவ்வழக்கம் இன்றும் நிலைத்து நிற்கின்றது. அப்பால் மிகக் கெட்டியானது, மிக இனிப்பானது. அதனுடன் கடுஞ்சாயத்தைச் சேர்த்துப் பனிக்கட்டியின்மேல் ஊற்றினால், பனி உருகி நீர்த்த பிறகும் சுவை குறைவதில்லை. அப்போதுதான் பதமாகின்றது என்றுகூடச் சொல்லலாம். நம் ஊரிலோ ஏற்கெனவே தண்ணீர் சேர்த்துக் காய்ச்சிய பாலில் தேநீர் கலக்கிறோம். அதிலே பனிக்கட்டியைப் போட்டால் இரண்டு நிமிடத்தில் அது தேநீருமன்று, பாலுமன்று. பாத்திரம் கழுவிய நீர்போலாகிவிடும். எனவே கடைக்காரர் சிரிப்பதில் குற்றமில்லை.

இதிலே உலகெங்கும் ஊருக்கு ஒரு நியாயம் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டில் அருந்தப்படும் தேநீரில் பெரும்பகுதி குளிர்ந்த தேநீர்தான். அங்கே பாலில்லை, கறுப்புத் தேநீர், பனிக்கட்டி, எலுமிச்சைத் துண்டு அவ்வளவே. ஆனால் வடக்கு மாநிலங்களில் சர்க்கரையின்றித் தருவர். தென் மாநிலங்களிலோ கொதிநீரிலேயே சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கரைத்து, பாகுபோல் இனிக்கும் தேநீரைக் குளிரவைத்துத் தருவர். குளிர்ந்த நீரில் சர்க்கரை எளிதில் கரையாது, அடியிலே தங்கிவிடும். ஆகவே தெற்கத்தியார் முறையில் சமையலறிவு உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஜார்ஜியா மாநிலச் சட்டமன்றத்தில் 2003-ஆம் ஆண்டு, குளிர்ந்த தேநீர் விற்கும் உணவகங்கள் யாவும் இனிப்புத் தேநீரும் வைத்திருக்க வேண்டுமென ஒரு மசோதாவே கொண்டுவரப்பட்டது. ஏப்ரல் முதல் நாள் வேடிக்கையாகச் செய்தது அது. ஆயினும் வேடிக்கைக்குள்ளே அவர்தம் பிடிவாதம் தெரிகின்றது அல்லவா!

இந்தப் பானம் அங்கே எங்ஙனம் பரவிற்று என்பதற்கு ஒரு கதை கூறுவர். 1904-இல் செயின்ட் லூயிஸ் நகரில் உலகப் பொருட்காட்சி நடைபெற்றது. இந்தியத் தேயிலைக்கு விளம்பரம் செய்யச் சென்றிருந்த ரிச்சர்டு பிளெச்சிண்டன் என்பவர் சூடான தேநீரை இலவசமாகக் கொடுத்தும், வெயிலின் கொடுமையால் எவரும் அருகே வரவில்லையாம். உடனே அவர் அதனைப் பனிக்கட்டியில் குளிர வைத்து வழங்க, கூட்டம் அலைமோதியதாம். அவரே இதனைக் கண்டுபிடித்தார் என்பது மிகை. 1879-இல் அச்சான ஒரு வர்ஜீனியச் சமையல் நூலிலேயே இதன் செய்முறை இருக்கின்றது. ஆனால் நாட்டு மக்களிடையே இது பெருவழக்காவதற்கு அப்பொருட்காட்சி துணை செய்தது எனலாம்.

அதே 1904-ஆம் ஆண்டுக்கு நம் திருச்சியிலும் ஒரு தேயிலைக் கதை உண்டு. இலங்கைத் தோட்ட முதலாளிகளின் சங்கம், தன் தோட்டங்களுக்கு ஆள் திரட்டும் பொருட்டு, 'சிலோன் லேபர் கமிஷன்' என்னும் அமைப்பின் தலைமை அலுவலகத்தை அவ்வாண்டில்தான் திருச்சியில் நிறுவியது. இங்கிருந்தும், புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்தும் எத்தனையோ ஏழைக் குடும்பங்கள் கங்காணிமாருடன் புறப்பட்டுக் கண்டி மலைகளுக்குச் சென்றன. ஒரு கண்டத்தில் தேநீரைக் குளிர வைத்து ஊற்றிய அதே ஆண்டில், அவ்விலையைக் கொய்யும் விரல்களை இங்கே கணக்கெடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இன்று நம் பங்குகளில் மலையகத்து உறவு உள்ள குடும்பங்களில் முதியோரைக் கேட்டால், லயத்து வீட்டில் அதிகாலையில் குடித்த வெறுஞ்சாயத்தைப் பற்றிச் சொல்வார்கள். உள்ளங்கையில் சிறிது சர்க்கரையையோ வெல்லத்தையோ வைத்துக்கொண்டு, அதை நக்கி நக்கிக் குடிப்பார்களாம். பனிக்கட்டி என்ற பேச்சே அங்கில்லை, மலைக்குளிரே போதுமானதாயிருந்தது.

இனி, வெயிலில் சுடச்சுடத் தேநீர் அருந்தும் நம்மவர் அறிவற்றவர்களா என்பதைப் பார்ப்போம். கனடாவிலுள்ள ஒட்டாவா பல்கலைக்கழகத்தார் 2012-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றின்படி, சூடான பானம் குடித்தால் வியர்வை மிகுதியாகச் சுரக்கின்றது. அவ்வியர்வை முழுவதும் ஆவியாகுமானால், உடலில் தங்கும் வெப்பம் குளிர்பானம் குடித்தபோது தங்குவதைக் காட்டிலும் குறைகின்றது. 'ஆவியாகுமானால்' என்பதைக் கவனிக்க வேண்டும். திருச்சியின் கோடை வறண்ட கோடை. வியர்வை உடனே காய்ந்துவிடும். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கடற்காற்றின் ஈரத்தால் வியர்வை உடலிலேயே வழிந்து நிற்கும். சிங்கப்பூரில் ஆண்டு முழுதும் அதே புழுக்கம். ஆகவே அங்குள்ளோர் பனிக்கட்டியை நாடுவதும், நம் பாலக்கரைக்காரர் பாய்லரை நாடுவதும் அவரவர் காற்றுக்கு ஏற்ற செயலே.

சென்ற கோடையில் ஒரு பாட்டியம்மாள் நம்மிடம் வந்து, "சாமி, பேரன் வந்து நாலு நாளாகுது. நான் கரைத்து வைத்த மோரைத் தொட மாட்டேன் என்கிறான். கடையில் ஐஸ் வாங்கிப் போட்டுக் கொடுத்தேன். இப்போது வயிறு சரியில்லை என்று படுத்திருக்கிறான். அவன் அம்மா என்னோடு பேசவில்லை" என்று கண் கலங்கினார். பையன் இரண்டு நாளில் எழுந்துவிட்டான். "அப்பாயி, மன்னிச்சுக்குங்க" என்று மருமகளும் மகனைச் சொல்லச் செய்தார் என்று பின்னர்க் கேள்விப்பட்டோம். அவர் சொன்னாரா என்பது நமக்குத் தெரியாது.

ஆனால் இதிலே குடும்பத் தலைவியர் யாவரும் அறிய வேண்டியது ஒன்றுண்டு. கடைகளில் உடைத்துப் போடும் பாளம் பாளமான பனிக்கட்டி இருவகைப்படும். உண்பதற்கென நல்ல நீரில் உறைய வைத்தது ஒன்று; மீன் முதலியவை கெடாதிருக்கச் செய்தது மற்றொன்று. இரண்டாவது எந்த நீரில் செய்யப்பட்டது என்று கேட்பாரில்லை. இதனால்தான் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-இல், உண்ணத் தகாத பனிக்கட்டியில் நீல நிறம் கலக்க வேண்டுமென ஆணையிட்டது. நீலம் தென்பட்டால் அது குவளைக்குரியதன்று. வெண்மையாயிருந்தாலும், சாக்குப் போட்டுத் தரையில் உருட்டி உடைத்ததாயின் நாம் வாங்கமாட்டோம். மஞ்சட்காமாலையும் குடற்காய்ச்சலும் அழுக்கு நீரின் வழியே வருபவை. உறைய வைத்ததனால் கிருமிகள் யாவும் மடிந்துவிடும் என்று எண்ணுவது பேதைமை.

பேரப்பிள்ளைகள் இங்கே தேட வேண்டிய பானம் வேறு. திருவரங்கத்துக்குப் பாலம் கடந்து செல்லுங்கள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே தீவாகக் கிடக்கும் அவ்வூரில், சித்திரைத் தேர் நாளில் சுற்றுக் கிராமத்து மக்கள் வெறுங்காலோடு வந்து குவிகின்றனர். அவர்களுக்கென வீதிதோறும் பந்தலிட்டு நீர்மோரும் பானகமும் வார்க்கின்றனர். வருபவர் எவ்வூரார், எக்குலத்தார் என்று கேட்பதில்லை. ஆகஸ்டு மாதக் கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் நம் மக்களுக்கும் வழிநெடுகத் தண்ணீரும் மோரும் கொடுத்து இளைப்பாற்றுவோர் இருக்கின்றனர். நீர்மோரிலுள்ள உப்பு, வியர்வையிலே போன உப்பை ஈடு செய்கின்றது. இஞ்சியும் கறிவேப்பிலையும் பெருங்காயமும் வயிற்றைக் காக்கின்றன. பானகமோ வெல்லம், சுக்கு, ஏலம், எலுமிச்சை கலந்தது. அமெரிக்கத் தென்னாட்டார் தேநீரிலிருந்து தேயிலையை எடுத்துவிட்டுச் சுக்கைச் சேர்த்தால் ஏறத்தாழ நம் பானகம்தான்! இவ்விரண்டுக்கும் பனிக்கட்டியே வேண்டியதில்லை, மண்பானை போதும்.

ஊர் மாறினால் இதுவும் மாறும். மதுரையில் பாதாம் பிசினும் நன்னாரியும் பாலும் சேர்ந்த ஜிகர்தண்டா. நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் பதநீரில் நுங்கு போட்டுப் பனையோலைப் பட்டையில் தருவார்கள். அதற்கு ஈடான ஒன்றை நாம் இன்னும் கண்டதில்லை. கொழும்பு உறவினர் வீட்டுக்குச் சென்றாலோ, தேயிலை நாடாயிருந்தும், விருந்தாளிக்குக் குளிர்ந்த காப்பியைத்தான் பெருமையாக நீட்டுவார்கள்.

மறுதிசையில், மக்களைக் காண வெளிநாடு செல்லும் பெரியோருக்கும் ஒரு சொல். அவர்களுள் பலருக்கு நீரிழிவு உண்டு. சிங்கப்பூரில் வெறுமனே 'தே' என்று கேட்டால் இனித்த சுண்டுபால் கலந்தே வரும். பாலில்லாமல் வேண்டி 'தே ஓ' என்றாலும் சர்க்கரை இருக்கும். 'தே ஓ கோசோங்' என்று கேட்க வேண்டும். கோசோங் என்றால் மலாய் மொழியில் வெறுமை. பால் வேண்டுமாயின் 'தே சி கோசோங்'. இதில் இனிப்பில்லாத சுண்டுபால் சேர்ப்பார்கள். குளிர்ச்சியாக வேண்டுவோர் இறுதியில் 'பெங்' என்று சேர்த்துக்கொள்ளலாம். அவ்வரசாங்கம் பானங்களுக்கு அவற்றிலுள்ள சர்க்கரையையும் கொழுப்பையும் கணக்கிட்டு ஏ முதல் டி வரை தரக் குறியிடுகின்றது. 2023 இறுதியிலிருந்து கடையில் உடனுக்குடன் கலக்கும் பானங்களுக்கும் இம்முறை வந்திருக்கின்றது. டி என்று கண்டால் பெரியவர்கள் விலகி நிற்பது நலம். அமெரிக்காவின் தென்பகுதியிலோ 'டீ' என்றாலே குளிர்ந்த இனிப்புத் தேநீர் வந்துவிடும். சூடாக வேண்டுமென்றும் இனிப்பு வேண்டாமென்றும் தனித்தனியே சொல்ல வேண்டும்.

பிள்ளைகள் விடாப்பிடியாகக் கேட்டால் வீட்டிலேயே செய்து கொடுப்பது கடினமன்று. கடைத் தூசித் தேயிலை வேண்டாம். அது விரைவில் கசந்துவிடும். நீலகிரியின் இலைத் தேயிலை ஏற்றது. நான்கு குவளைக் கொதிநீரில் நான்கு சிறு கரண்டி இலையிட்டு மூடி, நான்கைந்து நிமிடத்தில் வடிகட்டிவிடுங்கள். சூட்டோடு சர்க்கரையைக் கரையுங்கள். உடனே குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் கலங்கிவிடும். சாயத்திலுள்ள துவர்ப்புப் பொருளும் காஃபீனும் திடீர்க் குளிரில் ஒன்றுசேர்வதே காரணம். கலங்கினாலும் கெடுதலில்லை, கண்ணுக்குத்தான் அழகில்லை. வெளியே வைத்து ஆறியதும் எலுமிச்சை பிழிந்து உள்ளே வையுங்கள். பனிக்கட்டி வேண்டுமாயின் காய்ச்சி ஆறிய நீரை வீட்டிலேயே உறைய வைத்துக்கொள்ளுங்கள். பாட்டியின் கைம்மணம் வேண்டுவோர் கொதிக்கும்போதே ஒரு துண்டு இஞ்சியைத் தட்டிப் போடலாம். அன்று செய்ததை அன்றே குடித்துத் தீர்த்துவிட வேண்டும்.