பாறையில் ஒரு தேசப்படம்

செட்டிநாட்டுக் கோழிக் குழம்பில் கருஞ்சருகு மாதிரி ஒன்று நாக்கில் தட்டுப்படுமே... கல்பாசி! பெயரில்தான் பாசி. நிஜத்தில் அது லைக்கன். அதாவது, பூஞ்சையும் பாசியும் நடத்தும் கூட்டுக் குடித்தனம். பூஞ்சை வீடு கட்டித் தரும். பாசி வெயிலை வைத்துச் சமைத்துப் போடும். 1867-ல் ஸ்விஸ் விஞ்ஞானி ஷ்வெண்டனர் இதைச் சொன்னபோது, லைக்கன் நிபுணர்கள் பலர் அவர்மேல் பாய்ந்தார்கள். பாவம், மனுஷர் சொன்னது சரி.

எனக்குப் பிடித்தது கல்பாசியின் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர். ரைசோகார்ப்பான் ஜியாக்ரஃபிகம் என்று வாயில் நுழையாத பெயர். பாறையில் எலுமிச்சைப் பச்சையில் திட்டுத் திட்டாக, சுற்றிலும் கறுப்பு பார்டர். நாலைந்து பக்கத்தில் பக்கத்தில் வளர்ந்தால் அசல் தேசப்படம்! குழம்புக்கு உதவாது. சுரண்டினால் கல்லும் சேர்ந்து வரும், அப்படி ஒரு ஒட்டு.

விலாசம்? ஆல்ப்ஸ், ஸ்காட்லாந்து, நார்வே, கிரீன்லாந்து, இமயம், அண்டார்ட்டிகா வரை. மரங்களே 'போதும்ப்பா' என்று கீழே நின்றுவிடும் உயரத்தில், வெயில் விழும் கிரானைட் மாதிரிப் பாறை வேண்டும் ஐயாவுக்கு. சுண்ணாம்புக் கல் ஆகாது. காற்றும் சுத்தமாக இருக்கணும். வேர் கிடையாது, தண்ணீர், சத்து எல்லாம் மழையிலும் காற்றிலும் வருவதுதான். புகை வந்தால் அதையும் சேர்த்தே குடிக்க வேண்டும்.

இத்தனைக்கும் ஆள் லேசுப்பட்டவர் இல்லை. 2005-ல் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் இதை ஃபோட்டான் விண்கலத்தில் ஏற்றி, சுமார் 15 நாள் வெட்டவெளியில் காயப்போட்டது. பூமிக்கு வந்து ஒரே நாளில் பழையபடி ஒளிச்சேர்க்கையை ஆரம்பித்துவிட்டது!

வளர்ச்சிதான் அரசாங்க ஃபைல் வேகம். பல இடங்களில் வருஷத்துக்கு அரை மில்லிமீட்டர்கூடத் தேறாது. ரெண்டு அங்குல வட்டம் என்றால் நூறு வருஷமாவது ஆகியிருக்கும். டூர் போன இடத்தில் ஆணியால் 'ரமேஷ் - கீதா' என்று பாறையில் கிறுக்க அஞ்சு நிமிஷம் போதும்.

இந்த மந்தத்தைத்தான் 1950-ல் ஆஸ்திரியக்காரர் ரோலண்ட் பெஷல் கடிகாரமாக்கினார். பனியாறு பின்வாங்கினால் மொட்டைப் பாறை வெளிப்படும், லைக்கன் குடியேறும். இருப்பதிலேயே பெரிய வட்டத்தை அளந்தால், பனி எப்போது விலகியது என்று தோராயமாகச் சொல்லலாம். ஆனால், வளர்ச்சி ஊருக்கு ஊர் மாறுமே, அந்தந்த ஊர் வேகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? பெஷல் நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். அங்கேதான் கல்லிலேயே வருஷம் செதுக்கி வைத்திருக்கிறார்களே!