ஊராட்சித் தேர்தலும் அனைவருக்குமான நகரும்: லூனாஸிலிருந்து ஒரு நோக்கு

நகரின் எதிர்காலத்தில் எல்லா இனத்தாருக்கும் இடமுண்டு என்று மேயர் வேட்பாளர் ஒருவர் வாக்குக் கேட்பது பல நாடுகளில் இயல்பான நிகழ்வு. மலேசியாவிலோ அத்தகைய வேட்பாளரே இல்லை. மேயரும் நகராண்மைக் கழக உறுப்பினர்களும் நியமிக்கப்படுகின்றனர். இந்நிலை எவ்வாறு ஏற்பட்டது, கெடாவின் லூனாஸ் போன்ற ஊர்களில் வாழும் தமிழருக்கு இதனால் நேர்வது யாது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊராட்சித் தேர்தல் இந்நாட்டுக்குப் புதியதன்று. பினாங்கின் ஜார்ஜ்டவுன் 1957 ஜனவரி 1-ஆம் நாள் மாநகராயிற்று. மலாயாக் கூட்டரசில் அத்தகுதி பெற்ற முதல் நகர் அதுவே. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் முதல் மேயராகத் தொழிற்கட்சியின் டி. எஸ். இராமநாதன் பொறுப்பேற்று 1961 வரை பணியாற்றினார். சீனர் பெரும்பான்மையாக வாழ்ந்த நகரில் இந்திய வம்சாவளியினர் ஒருவர் அப்பதவியை அடைந்தது கருதத்தக்கது. அவர் கட்சி இனத்தை அன்றி உழைப்பாளர் நலனை முன்வைத்ததே இதற்கு வழிவகுத்தது எனலாம். மின் வழங்கலும் பேருந்துப் போக்குவரத்தும் அந்நாளில் மன்றத்தின் பொறுப்பில் இருந்தமையால், வாக்காளரின் முடிவு அவர்தம் அன்றாட வாழ்வைத் தொட்டது.

இந்தோனேசியாவுடனான மோதல் காலத்தில், 1965-இல், ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச ஆணையம் அவற்றை மீண்டும் நடத்தப் பரிந்துரைத்தது. ஆயினும் 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் நியமன முறையையே நிலைநிறுத்தியது. பினாங்கு மாநிலம் தேர்தலை மீட்க 2012-இல் சட்டமியற்றியது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றத் தீர்ப்பால் அம்முயற்சி தடைப்பட்டது. இத்தேர்தல் இனப்பிளவை வளர்க்கும் என்று அஞ்சுவோரும் உளர். ஜார்ஜ்டவுன் அனுபவம் அவ்வச்சத்திற்கு முழு விடையாகாது. எனினும் அதனைப் புறக்கணிக்கவும் இயலாது.

லூனாஸின் அனுபவமும் எண்ணத்தக்கது. 2000 நவம்பர் 29-ஆம் நாள் நடந்த சட்டமன்ற இடைத்தேர்தலில், ம.இ.கா.விடமிருந்த தொகுதியை மலாய்க்காரரான கெஅடிலான் வேட்பாளர் சைஃபுடின் நாசுத்தியோன் 530 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். இனக் கணக்கை மீறி வாக்களிக்க இவ்வூர் மக்களால் இயலும் என்பதை அது காட்டிற்று. ஆனால் வடிகால், தெருவிளக்கு, குப்பை அகற்றல் ஆகியவற்றைக் கவனிக்கும் நகராண்மைக் கழகத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. தோட்டங்கள் தனியார் நிலமாக இருந்தமையால் இச்சேவைகள் தோட்டமக்களுக்கு நெடுங்காலம் முறையாக எட்டவில்லை. தோட்டம் விட்டுத் தாமான்களில் குடியேறியோர் இன்று வரி செலுத்துவோராயினர், வாக்காளராகவில்லை.

2023-இல் பினாங்குத் தீவு மாநகரின் மேயராக ஏ. இராஜேந்திரன் நியமனம் பெற்றபோது நம்மவர் மகிழ்ந்தது இயல்பே. ஆயினும் இராமநாதனை நீக்க நகர மக்களுக்கு வழியிருந்தது. நியமனம் பெற்றவர் தம்மை நியமித்தோர்க்கே பொறுப்புடையவர். நம்மவர் ஒருவர் பதவியில் அமர்வது பிரதிநிதித்துவம். எளிய குடியிருப்பாளரும் கேள்வி கேட்டு விடைபெற இயல்வதே அனைவருக்குமான நகர் என நாம் கருதுகிறோம்.