கமக்காரரின் வியாபாரத்துக்கு ஏற்ற இணையப் பெயரைத் தெரிந்தெடுத்தல்

நெல்லையும் மரக்கறியையும் இடைத்தரகரின்றி நேரே விற்கும் நோக்கத்துடன் கமக்காரர் இணையத்தளம் அமைத்துக்கொள்ளும் வழக்கம் இப்பொழுது பரவி வருகின்றது. சிறு அரிசி ஆலைகளும் நாற்றுமேடைகளும் கமக்கார அமைப்புக்களும் இதனைச் செய்கின்றன. ஆயினும் தளத்தின் அலங்காரத்திலே பலர் செலுத்தும் கவனத்தில் காற்பங்கேனும் அதன் பெயரிலே செலுத்தப்படுவதில்லை. அலங்காரத்தை நினைத்தபோது மாற்றலாம். பெயரோ சாக்கிலும் விளம்பரப் பலகையிலும் பற்றுச்சீட்டிலும் அச்சாகி, வாங்குவோர் நினைவிலும் பதிந்துவிடுவது. அதனைப் பின்னர் மாற்றுதல் கடையையே வேறு தெருவுக்குக் கொண்டு செல்வதை ஒக்கும்.

இப்பெயரை ஆள்களப் பெயர் என்பர். இணையத்திலுள்ள கணினிகள் ஒன்றையொன்று இலக்கங்களாலான முகவரி கொண்டே அறிகின்றன. அவ்விலக்கங்களை மனிதர் நினைவில் வைத்தல் அரிதாதலின், அவற்றுக்குப் பதிலாகப் பெயரை வழங்கும் முறை 1983 ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. பெயரின் ஈற்றிலுள்ள பகுதி அஃது எந்தப் பதிவேட்டைச் சேர்ந்தது என்பதைக் காட்டும். இலங்கைக்குரிய 'எல்.கே.' என்னும் ஈறு 1990 முதல் உள்ளது. 'கொம்' என்பது உலகம் முழுவதற்கும் பொதுவானது. உள்நாட்டில் விற்போருக்கு எல்.கே. என்பதே உசிதமானது, விற்பவர் இந்நாட்டவர் என்பதை அது வேறு விளக்கமின்றிக் காட்டிவிடும்.

பெயர் தெரிவதில் தமிழ்ச் செய்கையாளருக்கு நேரும் பெரிய இடர் எழுத்துக்கூட்டல் பற்றியதாகும். தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதுவதற்கு எல்லோரும் கைக்கொள்ளும் ஒரே முறை இல்லை. வட்டுக்கோட்டையிலுள்ள 'கோட்டை' ஆங்கிலத்தில் 'டி' எழுத்தை இரட்டித்து எழுதப்படுகின்றது. தமிழ்நாட்டுப் புதுக்கோட்டையிலுள்ள அதே 'கோட்டை' 'ரி' எழுத்தை இரட்டித்து எழுதப்படுகின்றது. இனி, மொட்டைக்கறுப்பன் அரிசி விற்கும் ஒருவர் அந்நெல்லின் பெயரையே தளத்துக்கு இட விரும்புகின்றார் என்க. 'ட்ட' என்பதை இருவிதமாக எழுதலாம். 'க்க' என்பதற்குக் 'கே' ஒன்றோ இரண்டோ வரலாம். 'ப்ப' என்பதற்கும் அவ்வாறே. இம்மூன்றினால் மாத்திரம் எட்டு வடிவங்கள் உண்டாகின்றன. வாங்குபவர் அவற்றுள் ஏழில் எதனை எழுதினாலும் இவரிடம் வந்து சேரார். வேறொருவர் அவ்வடிவத்தைப் பதிந்திருப்பாராயின் அவரிடமே போய்ச் சேர்வர்.

ழகரம் வரும் பெயர்களிலும் அவதானம் வேண்டும். இதனைச் சிலர் 'எல்' எழுத்தாலும் சிலர் 'இசட் எச்' எழுத்துக்களாலும் குறிப்பர். சிங்களத்தில் இவ்வொலி இன்மையால், தம்புள்ளைச் சந்தை வியாபாரி ஒருவர் தொலைபேசியிற் கேட்டு அதனைச் சரியாக எழுதுவார் என எதிர்பார்த்தல் பொருந்தாது. உண்மையிற் சிறந்த சோதனை இதுவே: தெரிந்த பெயரைத் தமிழர் ஒருவருக்கும் சிங்களவர் ஒருவருக்கும் தொலைபேசியில் ஒரேயொரு முறை சொல்லி, எழுதிக் காட்டுமாறு கேட்டல் வேண்டும். இருவரும் பிழையின்றி எழுதின் பெயர் நன்று. ஒருவர் தவறினாலும் வேறு பெயர் தேடுக.

2010 முதல் '.இலங்கை' என்னும் தமிழ் ஈறும் உண்டு. இதனாற் பெயர் முழுவதையும் தமிழெழுத்திலேயே பதியலாம். மேற்கூறிய இடர் தமிழ் வாசிப்போரைப் பொறுத்தவரை நீங்கும். ஆனால் தமிழெழுத்து அறியாதவர் அதனைத் தட்டச்சிட மாட்டார்; சில மின்னஞ்சற் சேவைகளும் அதனை ஏற்பதில்லை. ஆதலின் இயலுமாயின் இரண்டையும் பதிந்து, இரண்டும் ஒரே தளத்துக்குச் செல்லுமாறு செய்தல் நலம்.

ஒரு பகுதியில் 63 எழுத்துக்கள் வரை ஆங்கிலத்தில் இடம் பெறலாம் என்பது விதி. பதினைந்தைத் தாண்டுவதே வாங்குபவருக்குத் தொல்லையாகும். இடைவெளி விடலாகாது, பேரெழுத்து, சிற்றெழுத்து என்ற வேறுபாடு இல்லை. இலக்கத்தையும் சிறுகோட்டையும் தவிர்க்க. 'பீ.ஜீ. 352' போன்ற இனப் பெயரைச் சூட்டுவதிலே இலக்கத்தொல்லையுடன் வேறொரு குறையும் உண்டு. புதிய இனங்கள் வந்து பழையன வயலை விட்டு நீங்கும். தளத்தின் பெயர் மாத்திரம் நின்றுவிடும். வெங்காயத்தைப் பெயராகக் கொண்டவர் மிளகாய்ச் செய்கைக்கு மாறும்போதும் இதே நிலைதான். ஊர்ப் பெயரோ குடும்பப் பெயரோ நெடுங்காலம் பயன் தரும். பிறருடைய வியாபாரக் குறியை ஒத்த பெயர் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்கீழ் வழக்குக்கு இடமளிக்கக்கூடும்.

பெயர் விலைக்கு வாங்கப்படுவதன்று; குத்தகைக் காணி போன்று, ஆண்டுக்கணக்கிற் பதிந்து புதுப்பிக்கப்படுவது. பதிவு யாருடைய பெயரில் உள்ளது என்பது இங்கே மிக முக்கியம். தளத்தை அமைத்துக் கொடுக்கும் இளைஞர் தமது பெயரிலும் தமது மின்னஞ்சலிலும் பதிந்துவிடுவது வழக்கமாயுள்ளது. அவர் வெளிநாடு சென்றால், அல்லது மனத்தாங்கல் ஏற்பட்டால், சாக்கில் அச்சிட்ட பெயர் கமக்காரருடையதாக இராது. கமக்கார அமைப்பாயின் பதிவு அமைப்பின் பெயரிலேயே இருத்தல் வேண்டும். கடவுச்சொல்லை உறையிலிட்டு முத்திரையிட்டுப் பொருளாளரிடம் ஒப்படைக்க.

புதுப்பிக்கும் தேதி காலபோக விதைப்பு மும்முரமாயுள்ள நாட்களில் வருமாயின் அது மறக்கப்படுதல் இயல்பு. ஆகவே வேலை குறைந்த மாதம் ஒன்றிற் பதிதல் நன்று. 'கொம்' பெயர்களை ஒரே முறையில் பத்தாண்டு வரை பதியலாம். தவணை தப்பிய 'கொம்' பெயரைப் பதிவு நிறுவனம் 45 நாள் வரை வைத்திருக்கலாம். அது நீக்கப்பட்ட பின் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அதற்கு மேலதிகக் கட்டணம் அறவிடப்படும். அதன்பின் ஐந்து நாள் கழிய, எவரும் அப்பெயரைப் பதிந்துகொள்ளலாம். புதுப்பிக்குமாறு கோரி முன்பின் அறியாத நிறுவனத்திலிருந்து வரும் கடிதத்துக்குப் பணம் அனுப்பாது, முதலிற் பதிந்த நிறுவனத்திடமே கேட்டறிக.